சதகுப்பை: பச்சை இலைக்குப் பதில் காய்ந்தது எவ்வளவு? எப்போது பறிப்பது?

வெள்ளரிப்பிஞ்சு

எல்லோருக்கும் வணக்கம். தயிரும் வெள்ளரிக்காயும் சேர்த்துச் செய்யும் சாஸ் ஒன்றுக்குக் குறிப்பு வைத்திருக்கிறேன். இரண்டு கப் தயிருக்கு "பொடியாக நறுக்கிய பச்சை சதகுப்பை இலை கால் கப்" என்று போட்டிருக்கிறது. என்னிடம் இருப்பது டப்பாவில் காய்ந்த இலைதான். அதையும் கால் கப் போட்டால் கசந்துவிடுமோ என்று யோசனையாக இருக்கிறது. கொஞ்சம் சதகுப்பை விதையும் இருக்கிறது, அதைப் பொடித்துப் போடலாமா?

இன்னொரு சந்தேகமும் உண்டு. தொட்டியில் விதைத்த செடி முழங்கால் உயரம் வந்துவிட்டது, இன்னும் ஓர் இலைகூடப் பறிக்கவில்லை. நடுத்தண்டின் உச்சியில் மொட்டு போல ஏதோ தெரிகிறது. இனி பறிக்கலாமா, எங்கே வெட்ட வேண்டும்?

அடுக்களைமணி

மூன்றுக்கு ஒன்று. பச்சை இலை 1 மேசைக்கரண்டி என்றால் காய்ந்தது 1 தேக்கரண்டி. கால் கப் என்பது 4 மேசைக்கரண்டி, அதனால் உங்களுக்கு 4 தேக்கரண்டி போதும். கால் கப் காய்ந்த இலையைக் கொட்டினால் சாஸில் வைக்கோல் வாசம்தான் வரும். விதை இதற்கு வேண்டாம், சுவையே வேறு.

செடி பற்றித் தோட்டக்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.

கரண்டிக்கணக்கு

மணி அக்கா சொன்ன கணக்கு சரிதான். ஆனால் அது எப்படி வந்தது என்று தெரிந்தால், எங்கே கூட்டலாம், எங்கே குறைக்கலாம் என்பதும் பிடிபடும். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பச்சை சதகுப்பை இலையில் நூற்றுக்கு 86 பங்கு தண்ணீர். நன்றாகக் காய்ந்த இலையில் 7 பங்குதான் மிச்சம். அப்படியானால் 1 கிராம் காய்ந்த இலை கிடைக்க ஆறேழு கிராம் பச்சை இலை வேண்டும். இப்போது கரண்டிக்கு வாருங்கள். காய்ந்த இலை 1 தேக்கரண்டி ஏறத்தாழ 1 கிராம். பொடியாக நறுக்கிய பச்சை இலையை அழுத்தாமல் அள்ளினால் 1 மேசைக்கரண்டிக்கு 2 முதல் 3 கிராம் நிற்கும். ஆக, மூன்றுக்கு ஒன்று என்று போடும்போது, 2-3 கிராம் பச்சை இலை இருக்க வேண்டிய இடத்தில் ஆறேழு கிராம் பச்சையைக் காயவைத்துக் கிடைத்ததைப் போடுகிறோம். இரண்டு மடங்குக்கும் மேலே!

காரணம் என்னவென்றால், காயும்போது தண்ணீர் மட்டும் போவதில்லை, மணமும் சேர்ந்தே போகிறது. அந்த இழப்பை ஈடுகட்டுவதும் இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. தைம், ஆரிகானோ மாதிரி கெட்டியான இலைகள் காய்ந்தாலும் மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சதகுப்பை, பார்ஸ்லி, பேசில் போன்ற மெல்லிய இலைகளுக்கு அந்தத் தெம்பு கிடையாது.

அதனால் டப்பா புதிதாக இருந்தால் 3:1. திறந்து பல மாதம் ஆகியிருந்தால் 2:1 வரைக்கும் போகலாம், அதாவது உங்கள் சாஸுக்கு 6 தேக்கரண்டி. அதற்குமேல் கூட்டினால் மணம் கூடாது, தூசி மாதிரியான ஒரு காய்ந்த ருசிதான் கூடும். எது என்று தெரிந்துகொள்ள ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் நன்றாகக் கசக்கிப் பாருங்கள். மூக்கருகே கொண்டுபோவதற்கு முன்பே மணம் வந்தால் நல்ல சரக்கு. கசக்கியும் வைக்கோல் வாசம்தான் வருகிறது என்றால் எந்த விகிதமும் உதவாது.

வெள்ளரிப்பிஞ்சு

ரொம்ப நன்றி. கசக்கிப் பார்த்தேன், மணம் நன்றாகவே வருகிறது. ஒரு சின்னக் கேள்வி: பச்சை இலை கிடைக்கும்போது கால் கப் என்பதை எப்படி அளப்பது? இலையை அப்படியே கப்பில் நிரப்புவதா, நறுக்கிவிட்டு நிரப்புவதா?

கரண்டிக்கணக்கு

நல்ல கேள்வி. பலர் சறுக்குவது இங்கேதான். இறகு மாதிரி இலை, உள்ளே எல்லாம் காற்று. இணுக்காகக் கிள்ளி ஒரு முழுக் கப்பை நிரப்பினால்கூட 9 கிராம் அளவுதான் வரும். அதே கப்பைப் பொடியாக நறுக்கி நிரப்பினால் அதைப்போலப் பல மடங்கு இலை பிடிக்கும். குறிப்பில் "நறுக்கிய" என்று இருந்தால் தண்டு நீக்கி, நறுக்கி, அழுத்தாமல் அளக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் "ஒரு கட்டு" என்று மட்டும் இருந்தால் அந்தக் குறிப்பை எழுதியவருக்கே அளவு தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டு எந்த அளவிலும் வரும். பாதியைப் போட்டு ருசி பார்த்து மீதியைச் சேர்ப்பதே வழி.

நறுக்கும் முறையும் அளவை மாற்றும். கழுவிய இலையை ஈரத்தோடு நறுக்கினால் கத்தியில் ஒட்டிக்கொண்டு உருண்டை உருண்டையாகத் திரளும். அதைக் கரண்டியில் அள்ளினால் ஒரு தடவை பாதிக் கரண்டி, மறு தடவை ஒன்றரைக் கரண்டி. துணியில் சுருட்டி ஒற்றி, ஈரம் போனபிறகு இணுக்கின் நுனியைப் பிடித்துக்கொண்டு இரண்டு விரலால் கீழ்நோக்கி உருவுங்கள், இலை மட்டும் கையோடு வந்துவிடும். அதைக் குவித்துக் கூரான கத்தியால் ஒரே போக்கில் நறுக்குங்கள். திரும்பத் திரும்பக் கொத்தினால் சாறு பலகைக்குப் போய்விடும்.

வெளிநாட்டுக் குறிப்பு என்றால் கரண்டியையும் கவனியுங்கள். மேசைக்கரண்டி பெரும்பாலும் 15 மில்லி, ஆஸ்திரேலியக் குறிப்புகளில் 20 மில்லி. தேக்கரண்டி இரண்டிலும் 5 மில்லிதான். அவர்கள் கணக்கில் மூன்றுக்கு ஒன்று என்று வர, ஒரு மேசைக்கரண்டி பச்சைக்கு 1⅓ தேக்கரண்டி காய்ந்தது ஆகும்.

வீட்டில் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. உங்களுக்குப் பிடித்த அளவைக் கிராமில் ஒரு தடவை குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

உப்புநீர்

விதையைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. இலையும் விதையும் ஒரே செடியில் வந்தாலும் சமையலில் இரண்டு தனிப் பொருள்கள். விதையின் மணத்துக்கு முக்கியக் காரணம் கார்வோன் என்ற எண்ணெய்ப் பொருள். கேரவே (சீரகம் மாதிரி இருக்கும் மசாலா விதை) விதையிலும் அதே கார்வோன்தான். அதனால்தான் சதகுப்பை விதையை மென்றால் கேரவே நினைவு வருகிறது. (அந்த மூலக்கூறின் கண்ணாடி பிம்பம் ஸ்பியர்மின்ட் புதினாவில் இருக்கிறது, மணம் முற்றிலும் வேறு. எனக்கு இது இன்னும் ஆச்சரியம்.) இலையின் மணம் வேறு கூட்டு: ஃபெல்லாண்ட்ரீன், டில் ஈதர் என்று எளிதில் ஆவியாகிறவை. விதையைப் பொடித்துத் தயிரில் போட்டால் கொஞ்சம் கசப்பும் காரமும் வரும், அந்தப் பச்சை மணம் வராது. எனவே வெள்ளரிப்பிஞ்சு, சாஸுக்கு விதை வேண்டாம்.

ஆனால் ஊறவைக்கும் வெள்ளரிக்காய்க்கு விதைதான் ராஜா. சூடான வினிகர்க் கரைசலில் நாள்கணக்கில் ஊறும்போது விதை மெல்ல மெல்ல இறங்கும், இலையோ கொஞ்ச நாளில் நிறம் மங்கித் துவண்டுவிடும். குறிப்பில் "ஒரு பூங்குடை" என்று கேட்டு உங்களிடம் அது இல்லையென்றால் 1 முதல் 2 தேக்கரண்டி விதை போடலாம். பூங்குடை என்றால் செடியின் உச்சியில் குடை மாதிரி விரியும் பூக்கொத்து. பாதி பூ, பாதி பச்சை விதையாக இருக்கும்போது வெட்டினால் இலை மணமும் விதை மணமும் ஒன்றாகக் கிடைக்கும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். ஜாடியில் அடைத்து வெளியே வைக்கும் ஊறுகாயில் சதகுப்பையைக் கூட்டலாம், குறைக்கலாம், இல்லாமலே கூடச் செய்யலாம். வினிகரையும் தண்ணீரையும் மாற்றக் கூடாது. 5 சதவீத அமிலம் உள்ள வினிகர், குறிப்பில் சொன்ன விகிதம், அவ்வளவுதான். கெட்டுப்போகாமல் காப்பது அந்த அமிலம்.

தாளிப்பு

விதை ஒன்றுக்கும் ஆகாது என்பது போல இருக்கிறதே! சூப், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், ரொட்டி மாவு இதற்கெல்லாம் நான் விதைதான் போடுகிறேன். வெறும் கடாயில் லேசாக வறுத்து, ஒன்றிரண்டாகத் தட்டி, ஆரம்பத்திலேயே எண்ணெயில் போட்டுவிட்டால் கொதிக்கக் கொதிக்க மணம் கூடும். இலை கொதித்தால் மணம் போய்விடும், விதை கொதித்தால்தான் மணமே வரும்.

உப்புநீர்

தாளிப்பு, நீங்கள் சொல்வதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. சூடுபடாத சாஸுக்குத்தான் வேண்டாம் என்றேன்.

அடுக்களைமணி

எப்போது போடுவது என்பதுதான் அளவைவிட முக்கியம் என்று நான் நினைக்கிறேன். பச்சை இலையை அடுப்பை அணைத்தபிறகு போட்டு மூடி வையுங்கள். காய்ந்த இலைக்கு ஈரம் குடிக்க நேரம் வேண்டும், சூப்பில் இறக்குவதற்கு ஐந்து பத்து நிமிடம் முன்னால் போடலாம். தயிர், மயோனைஸ் மாதிரி ஆறின பொருள் என்றால் கலக்கி அரை மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வைத்தபிறகு ருசி பாருங்கள். கலக்கியவுடனே ருசி பார்த்து "மணமே இல்லை" என்று இன்னும் இரண்டு கரண்டி போட்டால், ஒரு மணி நேரம் கழித்து அதிகமாகிவிடும். வெள்ளரிப்பிஞ்சு, 4 தேக்கரண்டி கணக்கில் முதலில் 3 போடுங்கள். அரை மணி கழித்து முடிவு செய்யுங்கள்.

புதுவரவு

குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். என்னிடம் இலையும் இல்லை, காய்ந்ததும் இல்லை. வேறு எதைப் போடலாம்? கொத்தமல்லி?

அடுக்களைமணி

கொத்தமல்லி ஒரே குடும்பம்தான், ஆனால் அது போட்டால் கொத்தமல்லி சாஸ் ஆகிவிடும். நன்றாகவே இருக்கும், சதகுப்பை இருந்த சுவடு மட்டும் இருக்காது. கிட்டத்தட்ட வேண்டும் என்றால் சோம்புச் செடியின் இறகு இலை. பார்க்கவும் அப்படியே இருக்கும், அதே அளவு போடலாம். கொஞ்சம் இனிப்பு தூக்கும், அதனால் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு கூடச் சேருங்கள். மீனுக்கு இது அருமையாகப் பொருந்தும். டாரகன் என்ற மூலிகை இலை கிடைத்தால் மூன்றில் ஒரு பங்கில் தொடங்குங்கள், அதன் சோம்பு வாசம் பலமானது. பார்ஸ்லி நிறத்துக்கு மட்டும். சமைக்கிற பொருள் என்றால் பார்ஸ்லி நிறையவும், தட்டிய சதகுப்பை விதை ஒரு சிட்டிகையும் போட்டால் ஓரளவு ஈடாகும். விதையே இல்லாவிட்டால் கேரவே.

செலரி, கேரட் வகை ஒவ்வாமை உள்ளவர் யாராவது சாப்பிடப் போகிறார்கள் என்றால் சதகுப்பையானாலும் சோம்பு இலையானாலும் கேட்டுவிட்டுப் போடுங்கள். எல்லாம் ஒரே குடும்பம்.

ஆணிவேர்

இப்போதுதான் இழையைப் பார்த்தேன். வெள்ளரிப்பிஞ்சு, உங்கள் செடிக்கு இன்றைக்கே கத்தரிக்கோல் எடுங்கள்.

செடி ஒரு சாண் உயரம் வந்து நாலைந்து இலை விட்டதுமே பறிக்கத் தொடங்கலாம். விதைத்து ஆறு முதல் எட்டு வாரத்தில் அந்த நிலை வந்துவிடும். மொட்டு தெரிந்தாலும், விரிவதற்கு முன்னால் இலையில் மணம் உச்சத்தில் இருக்கும், ஆகவே நீங்கள் நல்ல நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். பூ விரிந்தபிறகு செடி தன் பலத்தையெல்லாம் விதைக்கு அனுப்பும். புது இலை சிறுத்து, நூலாகி, எண்ணிக்கையும் குறையும்.

வெட்டும் இடம்: வெளிப்பக்கத்து முதிர்ந்த இலையைப் பிடித்து, அதன் காம்பு நடுத்தண்டோடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே. உள்ளே இருக்கும் இளங்குருத்தைத் தொடாதீர்கள். கையால் இழுத்தால் செடியே ஆடும், வேர் பிடிப்பு குறைவு. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் செடி சோர்ந்துபோகும். காலையில் பனி ஈரம் உலர்ந்தபிறகு, வெயில் ஏறுவதற்குள் பறிப்பது நல்லது. வெட்டியவுடன் கீழ்நுனியைத் தண்ணீரில் வையுங்கள், வெயிலில் பத்து நிமிடம் கிடந்தாலே துவண்டுவிடும்.

மொட்டைக் கிள்ளிவிட்டால் பூப்பது கொஞ்ச நாள் தள்ளிப்போகும், நிற்காது. நின்று காய்க்க வேண்டிய ஓராண்டுச் செடி அது, அதன் இயல்பை நாம் மாற்ற முடியாது. உங்களுக்கு இலை வேண்டுமா, விதை வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இலைதான் என்றால் இப்போது கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அடுத்த தொட்டியில் புதிதாக விதையுங்கள்.

வெள்ளரிப்பிஞ்சு

வெட்டிய இடத்தில் திரும்பத் துளிர்க்காதா? கீரை மாதிரி நாலைந்து தடவை அறுக்கலாம் என்று நினைத்திருந்தேன். நர்சரியில் நாற்று வாங்கி நட்டால் சீக்கிரம் வருமா?

ஆணிவேர்

பக்கத்துளிர் கொஞ்சம் வரும், அதை நம்பி இருக்க முடியாது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஒரு பிடி விதை தூவிக்கொண்டே இருப்பதுதான் தொடர்ந்து இலை கிடைக்க ஒரே வழி. அரை சென்டிமீட்டர் ஆழம் போதும், மெல்லிய மண் போர்வை. 10 முதல் 14 நாளில் முளைக்கும், அதுவரை மேல்மண் காயக் கூடாது.

நாற்று வாங்கி நடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். இதற்கு நீளமான ஆணிவேர் (என் பெயர்க் காரணம்!). பிடுங்கி நடும்போது அது அறுந்தால், செடி பிழைத்தாலும் அதிர்ச்சியில் சீக்கிரமே பூவுக்குப் போய்விடும். வெப்பம், தண்ணீர்த் தட்டுப்பாடு, நீண்ட பகல், நெருக்கமான தொட்டி எல்லாமே பூப்பதைத் துரிதப்படுத்தும். எனவே ஒரு சாணுக்குக் குறையாத ஆழமான தொட்டியில் நேராக விதையுங்கள். நெருக்கமாக முளைத்தால் பிடுங்கிச் சமையலில் போடுங்கள், இளம்பயிரின் மணம் தனிதான்.

சமையலறை விதையையே விதைக்கலாம், சூடுபடுத்தாததாக இருந்தால் முளைக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் மட்டும் கூடாது: விதைப்புக்கென்று விற்கும் பாக்கெட்டில் மருந்து கலந்திருக்கலாம், அதை வறுத்துச் சாப்பிட வேண்டாம்.

அப்புறம், புல்வெளியிலோ ஓடைக்கரையிலோ தானாக முளைத்திருப்பதைச் சதகுப்பை என்று நினைத்துப் பறிக்காதீர்கள். இந்தக் குடும்பத்தில்தான் உயிரை எடுக்கும் ஹெம்லாக்கும் இருக்கிறது.

உப்புநீர்

விதை எடுக்கிற நேரத்தையும் சொல்லிவிடுங்கள் ஆணிவேர்.

ஆணிவேர்

பூத்து இரண்டு மூன்று வாரத்தில் விதை பச்சையிலிருந்து இளம்பழுப்புக்கு மாறும். பூங்குடையில் பெரும்பாலான விதை நிறம் மாறியதும் ஒரு சாண் தண்டோடு வெட்டி, காகிதப் பைக்குள் தலைகீழாக வைத்துக் கட்டித் தொங்கவிடுங்கள். பையில் சில துளைகள் போட்டால் பூஞ்சை பிடிக்காது. எல்லாமே பழுப்பாகட்டும் என்று காத்திருந்தால் லேசாக உரசினாலே கொட்டிவிடும், அடுத்த பருவத்துக்குத் தொட்டி முழுக்க முளைக்கும். நடுத்தண்டின் குடை முதலில் முற்றும், பக்கக் கிளையின் குடைகள் பின்னால். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்ட வேண்டியதில்லை. பையைக் குலுக்கி, புடைத்து, இன்னும் சில நாள் உலரவைத்து டப்பாவில் போட்டால் மூன்று ஆண்டு வரை மணம் நிற்கும்.

நிழலுலர்த்தி

ஒரே நாளில் நிறைய இலை வெட்டப் போகிறீர்கள் என்றால் காயவைத்துக்கொள்ளுங்கள். கடைச் சரக்கைவிட வீட்டில் காயவைத்தது பல மடங்கு மேல். வெயிலில் வேண்டாம், நிறமும் மணமும் வெளுத்துவிடும். சின்னச் சின்னக் கட்டாக, காற்றோட்டமான நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டால் ஒன்றிரண்டு வாரம். டீஹைட்ரேட்டர் இருந்தால் 35 டிகிரி செல்சியஸ், அதற்கு மேல் ஏற்றாதீர்கள். தொட்டால் நொறுங்க வேண்டும், தண்டு வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பொடித்து வைக்காமல் இணுக்காகவே டப்பாவில் போட்டு, சமைக்கும்போது கசக்கிப் போடுங்கள். இருட்டான அலமாரியில் ஆறு மாதம் நன்றாக இருக்கும். அடுப்புக்குப் பக்கத்துத் தட்டு வேண்டவே வேண்டாம்.

தாளிப்பு

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சதகுப்பை இலைக்கு ஃப்ரீசர்தான். கரண்டிக்கணக்கு சொன்ன கணக்குப்படியே காயவைத்தால் பாதி மணம் போய்விடுகிறதே, எதற்குத் தெரிந்தே இழக்க வேண்டும்? கழுவி, ஈரம் ஒற்றி, இணுக்காகவே பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி வைத்தால் மாதக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். எடுத்தால் துவண்டிருக்கும், அலங்காரத்துக்கு ஆகாது, ருசிக்கு ஆகும்.

நிழலுலர்த்தி

ருசியில் ஃப்ரீசர் மேல் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாப்கார்ன் மேல் தூவ, ரொட்டி மாவில் கலக்க, உப்போடு சேர்த்துப் பொடி செய்ய ஈரமில்லாத இலைதானே வேண்டும்? நான் இரண்டு வகையும் வைத்துக்கொள்கிறேன்.

வெள்ளரிப்பிஞ்சு

சாஸ் செய்தாயிற்று. 3 தேக்கரண்டி போட்டு அரை மணி ஃப்ரிட்ஜில் வைத்தேன், ருசி பார்த்தபோது நாலாவது தேவைப்படவில்லை. வெள்ளரிக்காயை உப்புப் போட்டுப் பிழிந்ததில் சாஸ் நீர்க்கவும் இல்லை. மணி அக்காவுக்குத் தனி நன்றி. செடியில் வெளி இலைகளை வெட்டித் தம்ளர் தண்ணீரில் வைத்திருக்கிறேன். இன்னும் நிறைய இருக்கிறது. ஃப்ரீசரில் வைத்தால் பிறகு எப்படி அளப்பது, பச்சை கணக்கா, காய்ந்த கணக்கா?

கரண்டிக்கணக்கு

பச்சை கணக்குதான். ஃப்ரீசரில் தண்ணீர் போவதில்லை, ஆகவே ஒன்றுக்கு ஒன்று. தம்ளரில் வைத்ததை மேலே ஒரு பையால் தளர்வாக மூடி ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் ஒரு வாரம் தாங்கும், அதற்குள் தீராது என்று தோன்றுவதை மட்டும் உறையவையுங்கள்.

அளவுத் தொல்லை வேண்டாம் என்றால் ஐஸ் டிரேயில் ஒரு குழிக்குச் சரியாக 1 மேசைக்கரண்டி நறுக்கிய இலை போட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி உறையவையுங்கள். உறைந்ததும் பைக்கு மாற்றிவிடலாம். கால் கப் என்றால் நாலு கட்டி. தண்ணீருக்குப் பதில் எண்ணெய் ஊற்றுவதும் உண்டு, ஆனால் பச்சை இலை ஊறும் எண்ணெயை ஒருநாளும் வெளியே வைக்காதீர்கள். காற்றில்லாத அந்த எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. உறைந்தபடியே ஃப்ரீசரில் இருக்கட்டும்.

சூப்புக்குக் கட்டியை உருக்க வேண்டாம், அடுப்பை அணைத்தபிறகு அப்படியே போடுங்கள். சாஸுக்கு மட்டும் தண்ணீர்க் கட்டியை வடிகட்டியில் வைத்து உருக்கி, நீர் இறங்கியபிறகு இலையைக் கரண்டியால் லேசாக அழுத்திவிட்டுச் சேருங்கள்.